ஒரே வீட்டில் ஏன் இத்தனை அடுப்பு?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய பெரிய வீடு. முகப்பும் வளவும் (உள்முற்றம்) தாண்டிப் போனால், ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பிகளுக்குத் தனித்தனி அடுப்பு. ஏதோ மனஸ்தாபம் என்று வெளியூர்க்காரர் முடிவுகட்டிவிடுவார். ஆனால் மணமான மகனை அதே வீட்டில் ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம். தம்பதி தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. சிக்கனமாகக் குடித்தனம் நடத்தப் பழக வேண்டும்.

கண்டது சரி, கற்பித்த காரணம்தான் தவறு. வேற்றுப் பண்பாட்டைக் கற்பிக்க, 1960-களில் இல்லினாய் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இந்தத் தவறையே பாடமாக்கினார்கள். ஒரு சம்பவம், அதற்குச் சில விளக்கங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அது ஏன் பொருந்துகிறது அல்லது பொருந்தவில்லை என்று இன்னொரு பக்கம் சொல்லும். அன்று அது வெறும் அச்சுப் புத்தகம்.

கணினி அதில் கோபித்துக்கொள்ளத் தெரிந்த ஆளைச் சேர்த்தது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்காக உருவான ‘பைலாட்’ (BiLAT) கணினி விளையாட்டில், வேற்றுநாட்டுப் பெரியவரிடம் முகமன் கூறாமல் காரியத்தில் இறங்கினால் அவருடைய நம்பிக்கை சரியும்.

அந்த உத்தியில் ஓர் ஆச்சியை உருவாக்குவோம். நிரலில் அவருக்கு ‘நம்பிக்கை’ என்றோர் எண்; தொடக்கம் 50 என்று வைப்போம். செருப்போடு வளவுக்குள் வந்தால் 20 போகும். கொடுத்த காபியை வாங்கிக் குடித்தால் 10 ஏறும். அடுப்புகளைப் பார்த்து “மகனோடு சண்டையா?” என்று கேட்டால் 30 அடிபடும். ஆச்சி திட்டமாட்டார், அதன்பின் எதைக் கேட்டாலும் “ஆமாம்”, “இல்லை” மட்டுமே. எண் 60-ஐ எட்டினால்தான் வேறு வைத்த கதையைச் சொல்லும் கிளை திறக்கும். எண்ணைத் திரையில் காட்டவே கூடாது. காட்டினால் ஆட்டக்காரர் ஆச்சியை விட்டுவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். முகக்குறியும் பதிலின் நீளமும் போதும். எங்கே சறுக்கினோம் என்பதை ஆட்டம் முடிந்தபின் சொல்லலாம்.

அரண்மனைக்கு எத்தனை தூண் என்று கேட்கும் வினாடி வினாக்களும் பண்பாட்டுக் கல்வி என்ற பெயரில் உலவுகின்றன. என்னைக் கேட்டால் அது பொது அறிவுத் தேர்வு.

ஓர் ஆச்சியோடு நிறுத்தினால் செட்டிநாடே அவர்தான் என்றாகிவிடும். மருமகளுக்கும், ஆத்தங்குடிக் கல் பதிக்க வந்தவருக்கும், சமையற்கார அம்மாளுக்கும் தனித்தனி விதிகள் வேண்டும். அவற்றை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டே எழுத வேண்டும். தனி அடுப்பை ஆச்சி பயிற்சி என்பார். மருமகள் நிம்மதி என்பார். சமையற்கார அம்மாளோ, தேய்க்க வேண்டிய பாத்திரங்களை எண்ணத் தொடங்குவார்.