எக்ஸ்போஷர்: வெளிப்பாடா, ஒளிபடலா?

வேலூரில் எக்ஸ்போஷர் என்ற சொல் எந்த வாசலில் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். ஸ்டுடியோக்காரர் “எக்ஸ்போஷர் ஓவராகிவிட்டது” என்றால், மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் மடிப்பும் பொத்தானும் தெரியாமல் வெளுத்துவிட்டது என்று பொருள். எக்ஸ்ரே அறையில் அதே சொல், உடலைக் கடந்துபோய்ப் பதிவாகும் கதிரின் அளவைக் குறிக்கும். கல்லூரி விழாவுக்குப் படமெடுக்க ஆள் தேடும் மாணவர் “சம்பளம் கிடையாது அண்ணா, ஆனால் நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்” என்றால், பஸ் செலவும் நம்முடையதுதான் என்று புரிந்துகொள்ள வேண்டும். பிலிம் சுருள் இருந்த காலத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. கேமராவின் பின்மூடி தவறித் திறந்துகொண்டால் “பிலிம் எக்ஸ்போஸ் ஆகிவிட்டது” என்பார்கள். எடுத்த படங்கள் போயின என்று அர்த்தம். படம் உருவாகக் காரணமான செயலின் பெயரே படம் கெட்டதற்கும் பெயராயிற்று.

கேமரா வாங்கிய புதிதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய சொல் இதுதான். மற்ற சொற்கள் எல்லாம் இதைச் சுற்றியே வரும். ஆனால் கேமராவிலோ கைபேசியிலோ மொழியைத் தமிழுக்கு மாற்றினால், இந்தச் சொல் இருந்த இடத்தில் பெரும்பாலும் “வெளிப்பாடு” என்று நிற்கும். அது தவறான சொல் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

லத்தீனில் எக்ஸ் என்றால் வெளியே, போனெரே என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்த எக்ஸ்போனெரே, ஒன்றை வெளியே எடுத்து வைப்பதைக் குறித்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, மறைந்திருந்ததைத் திறந்து காட்டுதல், பாதுகாப்பில்லாமல் விடுதல் என்றெல்லாம் கிளைத்தது. தோல் பொருள்களுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் நடத்தும் “எக்ஸ்போ” இதே வேரில் பிறந்ததுதான்: சரக்கை வெளியே எடுத்து வைத்துக் காட்டும் இடம்.

ஒளிப்படத் தொழிலின் தொடக்கக் காலத்துக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தியது. பிரான்சில் நியெப்ஸ் 1826-27 வாக்கில் தம் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளைப் படமாக்கியபோது, பூச்சுப் பூசிய உலோகத் தகடு பல மணி நேரம் ஒளியில் கிடந்தது. நாள்கணக்கில் கிடந்திருக்கும் என்று கருதுவோரும் உண்டு. அதற்குள் சூரியன் நகர்ந்துவிட்டதால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் அடிப்பதுபோல் அந்தப் படத்தில் தெரியும். 1838இல் டகேர் பாரிஸ் வீதி ஒன்றைப் பதிவு செய்ய நிமிடக்கணக்கு போதுமானதாக இருந்தது. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் நடந்துகொண்டிருந்தவர்களும் பதியவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். அன்றைக்குக் கேமராவில் ஷட்டர் கிடையாது. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, நேரம் பார்த்து, மறுபடி மூடினார்கள். இருட்டில் காத்த தகட்டைச் சற்று நேரம் வெளியே திறந்துவைத்தார்கள் என்பதால் எக்ஸ்போஷர் என்ற பெயர் இயல்பாகவே ஒட்டிக்கொண்டது.

தமிழில் வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருதல். உணர்ச்சியின் வெளிப்பாடு, திறமையின் வெளிப்பாடு என்கிறோம். கேமராவுக்குள் நடப்பது இதற்கு நேர் எதிர். வெளியே இருக்கும் ஒளி உள்ளே வந்து தகட்டின் மேல் விழுகிறது. அகராதியில் எக்ஸ்போஷருக்கு முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியதால் சொல்லின் திசையே மாறிவிட்டது. “வெளிப்பாட்டைக் கூட்டு” என்று படிக்கும் புதியவர், கேமரா எதையோ வெளியே தள்ளப்போகிறது என்றுதான் நினைப்பார். ஃபிளாஷைத் தேடினாலும் குற்றம் சொல்ல முடியாது.

இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். “படு” என்ற வினை நம்மிடம் இருக்கிறது. துணியை வெயில் படும்படி உலர்த்து என்கிறோம். கண் பட்டுவிட்டது, கை பட்டது, காற்றுப் படாமல் மூடிவை என்கிறோம். ஒன்று இன்னொன்றின் மேல் போய்த் தொடுவதையும், அதனால் தொடப்பட்டது மாறுவதையும் இந்த வினை சேர்த்தே சொல்கிறது. அதனால் எக்ஸ்போஷர் என்பது ஒளிபடல். ஒளியேற்பு என்பாரும் உண்டு, அதுவும் பொருந்தும். ஆயினும் ஏற்பு என்பதில் விரும்பி ஏற்கும் சாயல் இருப்பதால், அதைப் பிலிமின் இடத்தில் இன்று ஒளியைப் பதியும் சென்சாரின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. “படம்” என்ற சொல்லே இந்தப் படுவிலிருந்து வந்ததா, துணியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.

ஒளிபடலின் அளவை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு வலுவான ஒளி விழுகிறது, எவ்வளவு நேரம் விழுகிறது. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே ஒளிபடு அளவு. புன்சென், ராஸ்கோ என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1862இல் இதை விதியாகச் சொன்னார்கள். நேரத்தை ஷட்டர் பார்த்துக்கொள்கிறது. கடை ஷட்டரைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஷட்டருக்கு விளக்கம் வேண்டியதில்லை. வலுவைக் கட்டுப்படுத்துவது லென்ஸுக்குள் இருக்கும் துளை. ‘எஃப்’ சேர்த்துச் சொல்லும் அதன் எண்கள்தாம் புதியவரைக் குழப்பும்: 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. எண் பெருகினால் துளை சிறுக்கும், ஏனென்றால் லென்ஸின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் அது. ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. விட்டம் 1.4 மடங்கு சுருங்கினால் வட்டத்தின் பரப்பு பாதியாகும், ஒளியும் பாதியாகும். ஸ்டுடியோக்களில் இந்தப் பாதியை ஒரு ஸ்டாப் என்பார்கள். படி என்றால் தமிழில் அழகாக நிற்கும்.

வேலூர்க் கோட்டைக்குள் போய்ப் பார்த்தால் இது கணக்குப் பாடம்போல் இருக்காது. நண்பகல் வெயிலில் கருங்கல் மதிலை எஃப் 8, நொடியில் 500இல் ஒரு பங்கு என்று வைத்து எடுக்கிறீர்கள். பிறகு ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குள், அனுமதி கேட்டுக்கொண்டு, யாளித் தூண்களிடம் வருகிறீர்கள். அங்கே வெளிச்சம் ஐந்து படி குறைந்ததாக வைத்துக்கொள்வோம். அதாவது வெளியே இருந்ததில் 32இல் ஒரு பங்கு. துளையை எஃப் 4க்குத் திறந்தால் இரண்டு படி கிடைக்கும். ஷட்டரை 500இலிருந்து 60க்கு இறக்கினால் இன்னும் மூன்று. ஐந்தும் ஈடாகிவிட்டது. ஆனால் துளை விரிந்ததால், முன்தூணின் குதிரை வீரன் தெளிவாகவும் பின்தூண்கள் மங்கலாகவும் விழும். ஷட்டர் மெதுவானதால் கையின் நடுக்கமும் படத்தில் ஏறலாம். ஒரே ஒளிபடு அளவைப் பல வழிகளில் எட்டலாம், ஒவ்வொரு வழியும் படத்தின் முகத்தை மாற்றும் என்பதைக் கற்க இந்த மண்டபத்தைவிட நல்ல இடம் ஊரில் எனக்குத் தெரியவில்லை.

படத்தின் பிரகாசத்தை ஏற்றியிறக்கும் எண்ணான ஐஎஸ்ஓ எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். துளை, ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் முக்கோணமாக வரைந்து ‘எக்ஸ்போஷர் முக்கோணம்’ என்று கற்பிப்பது வழக்கம். கண்டிப்பாகப் பார்த்தால் ஐஎஸ்ஓ ஒளிபடலில் சேராது. அதை 100இலிருந்து 800க்கு ஏற்றினாலும் சென்சாரின் மேல் ஒரு துளி ஒளிகூட அதிகமாகப் படுவதில்லை. விழுந்த ஒளிக்கு எவ்வளவு பிரகாசமான படம் வேண்டும் என்பதுதான் மாறுகிறது. இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றியவுடன் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கு ஐஎஸ்ஓவைத் திட்டுகிறோம். மூலக்காரணம் ஒளி குறைவாகப் பட்டதுதான். ஒளிபடல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவருக்கு இந்தக் குழப்பம் வராது. ஒளி பட்டதா இல்லையா என்று கேட்டால் போதும்.

கேமரா தானாகக் கணக்குப் போடும்போது என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் ஒளிமானி, முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே அளக்கிறது. ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல். ஆம்பூரில் தைத்த கறுப்புத் தோல் காலணியைப் படச்சட்டம் நிறைய வைத்து எடுத்தால், அதையும் சாம்பலாக்க முயன்று வெளிறச் செய்யும். வெள்ளை வேட்டியைக் காட்டினால் அழுக்குச் சாம்பலாக்கும். கறுப்புக்குக் குறைத்தும் வெள்ளைக்குக் கூட்டியும் வைக்க, கூட்டல் கழித்தல் குறிபோட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. அதற்குக் கேமராக்காரர்கள் வைத்த பெயர் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். இதை “வெளிப்பாடு இழப்பீடு” என்று எழுதினால், விபத்து வழக்கில் கிடைக்கும் தொகைபோல் ஒலிக்கும். ஒளிபடல் திருத்தம் என்றால் வேலை முடிந்தது.

மானியே இல்லாமல் கணிக்கவும் பழைய வழி உண்டு. நல்ல வெயிலில் துளை எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகே. ஐஎஸ்ஓ 100 என்றால் 125இல் ஒரு பங்கு. வேலூர் வெயிலாயிற்றே, இன்னும் குறைக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சூடு வேறு, வெளிச்சம் வேறு. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று: ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். புருவத்தின் நிழல் கண்குழியில் விழுந்து முகமே மாறிவிடும். ஒளிபடல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த நிழல் போகாது. மாலை நான்கரை வரை பொறுப்பதே வழி.

இனிக் கூட்டுச்சொற்கள். மிகுந்தால் மிகை ஒளிபடல், குறைந்தால் குறை ஒளிபடல். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒளிபடு நேரம். வெகுநேரம் திறந்து வைத்தால் நீள் ஒளிபடல். இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பழைய வடாற்காட்டில் ஓர் ஊரையே எடுத்துக்காட்டாகக் காட்டலாம்: ஜவ்வாது மலையில், இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறந்துவைக்கப்பட்டது. ராமானுஜன் பெயர் தாங்கிய 4130ஆம் எண் சிறுகோள் 1988இல் அங்கே கண்டறியப்பட்டது. மங்கிய விண்பொருள்களைப் பதிய வைக்க நொடிகள் போதா. அதிலும் பிலிமுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மிக மங்கிய ஒளியை இரு மடங்கு நேரம் காட்டினாலும் இரு மடங்கு பதிவு தராது. புன்சென் விதி அங்கே தளர்ந்துபோவதை 19ஆம் நூற்றாண்டின் முடிவில் அளந்து சொன்ன ஷ்வார்ட்ஸ்ஷில்டும் ஒரு வானியலாளர்தான்.

இரவு வானத்தை நாமே எடுத்துப் பார்க்க நினைத்தால், கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டர் நேரத்தை 30 நொடிக்கும் அப்பால் திருப்பினால் பல கேமராக்களில் ‘பல்ப்’ என்று வரும். விளக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய கேமராக்களில் ரப்பர் குமிழ் ஒன்று குழாயோடு தொங்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும். அந்தக் குமிழுக்கு ஆங்கிலத்தில் பல்ப் என்று பெயர். குமிழ் மறைந்து பெயர் நின்றுவிட்டது. இதற்கு மட்டும் தமிழ்ச்சொல் தேடும் எண்ணம் எனக்கு இல்லை. பல்ப் பல்பாகவே இருக்கட்டும்.