பிளாஸ்மா "மின்னேற்ற வாயு" இல்லீங்க

பிளாஸ்மான்னா அயனியும் (சார்ஜ் ஏறின அணு) தனி எலக்ட்ரானும் கலந்து கிடக்கற பொருள் நிலை. அந்தச் சொல் வந்தா உடனே "மின்னேற்ற வாயு"ன்னு எழுதிட்டுப் போயிடறாங்க, பாடக் குறிப்புலயும் அதான், வீடியோலயும் அதான், முதல் வருஷப் பசங்க அதைப் படிச்சுட்டு பிளாஸ்மாவுக்கு மொத்தமா ஒரு சார்ஜ் இருக்குன்னே நம்பிடறாங்க.

சொல்லோட பிறப்பு ரொம்ப சிம்பிள். கிரேக்கத்துல பிளாஸ்மான்னா வார்த்து உருக்கொடுத்த பொருள். ரத்தத்தோட நீர்ப்பகுதிக்கு முதல்ல அந்தப் பேர் வந்துச்சு, அப்புறம் 1928ல அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மூர் டிஸ்சார்ஜ் டியூப்ல (வாயு வழியா மின்சாரம் பாயற குழாய்) அயனியும் எலக்ட்ரானும் சமமா இருக்கற பகுதிக்கு அதே பேரை வெச்சார்.

சமமான்னு அவரே சொல்லிட்டார், அப்புறம் "மின்னேற்ற"ன்ற அடைமொழி எங்கேருந்து வருது? கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கன மீட்டருக்கு 10^16 எலக்ட்ரான் இருக்கற பிளாஸ்மா, 1 செ.மீ ஆரத்துல ஒரு உருண்டை. அதுல வெறும் 1 சதவீதம் சார்ஜ் ஏறுக்குமாறா இருந்தாலே விளிம்புல மீட்டருக்கு சுமார் 6000 வோல்ட் மின்புலம் வந்துடும், அது எலக்ட்ரானை உடனே இழுத்து சமநிலைக்குக் கொண்டுவந்துடும். சார்ஜ் வித்தியாசம் தாக்குப்பிடிக்கறதெல்லாம் டிபை நீளம் (ஒரு சார்ஜோட தாக்கத்தைச் சுத்தி இருக்கற துகள்கள் மறைச்சுடற தூரம்) அளவுக்குள்ளதான், இந்த அடர்த்தியில எலக்ட்ரான் வெப்பநிலை 2 எலக்ட்ரான் வோல்ட்டா (வெப்பநிலையை ஆற்றல் அலகுல சொல்றது) இருந்தா அது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு.

"அயனி வாயு"ன்றது கொஞ்சம் பரவால்ல, ஆனா அதுவும் பத்தாது. டியூப் லைட்டுக்குள்ள இருக்கறதும் பிளாஸ்மாதான், அங்க பெரும்பாலான அணு அயனியாகவே இல்ல. எத்தனை அயனி இருக்குன்றது இல்ல விஷயம், சார்ஜ் உள்ள துகள் எல்லாம் மின்புலத்தால ஒன்னுக்கொன்னு கட்டுண்டு கூட்டமா நடந்துக்குதான்றதுதான் விஷயம். வாயுல ஒரு மூலக்கூறு பக்கத்துல இருக்கறதை மோதினாத்தான் அதோட இருப்பே தெரியும், இங்க தூரத்துல இருக்கற ஆயிரக்கணக்கான துகள் ஒரே நேரத்துல ஒரு எலக்ட்ரானை இழுக்கும், தள்ளும். "வாயு"ன்னு போட்டதுமே இந்த வித்தியாசம் செத்துடுது.

என்னைக் கேட்டா பிளாஸ்மாவுக்கு அயனிமம்ன்ற சொல்தான் சரி. திண்மம், நீர்மம், வளிமம்னு ஏற்கெனவே இருக்கற வரிசையில அப்படியே போய் உக்காருது, தனி நிலைன்னு காதுலயே விழுது. அயனி கிரேக்கத்துலேருந்து வந்ததாச்சேன்னு தனித்தமிழ் அன்பர்கள் கேப்பாங்க, வரட்டுமே, அது தமிழ்ல வேர் விட்டு பள்ளிப் புத்தகம் வரைக்கும் வந்தாச்சு. அதுவும் பிடிக்கலைன்னா பிளாஸ்மான்னே எழுதுங்க, தப்பான அர்த்தம் தர்ற தமிழ்ச்சொல்லை விட அது ஆயிரம் மடங்கு மேல். ரத்தத்துல இருக்கறதுக்குக் குருதி நீர்மம்னு தனியா இருக்கு, ரெண்டையும் கலக்காதீங்க.

இதோட சேர்ந்த இன்னொரு கொடுமை, பிளாஸ்மாவோட மொத்த சார்ஜ் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்ன்றதைச் சொல்ற "குவாசி நியூட்ரல்"ன்றதை "போலி நடுநிலை"ன்னு போடறது. எதுங்க போலி? நடுநிலை நிஜமாவே இருக்கு, துல்லியமா பூஜ்ஜியம் இல்ல, அவ்ளோதான். "ஏறத்தாழ நடுநிலை"ன்னு எழுதறதுல என்ன கஷ்டம்? அகராதியில முதல்ல கண்ணுல பட்ட சொல்லை எடுத்து ஒட்டறவங்க அந்தப் பாடத்துல ஒரு பக்கமாவது படிச்சுட்டு மொழிபெயர்க்கணும்.