நேற்று எஸ்டிபி, இன்று எஸ்டிசி: ஹார்ட் டிஸ்க்கின் நிஜப் பெயர் எங்கே இருக்கிறது?

"வீட்டு சர்வரில் நான்கு ஹார்ட் டிஸ்க் போட்டிருக்கிறேன். நேற்றுவரை புகைப்படங்கள் இருந்தது எஸ்டிபியில். ரீபூட் செய்ததும் அது எஸ்டிசி ஆகிவிட்டது. பேக்கப் டிஸ்க் எஸ்டிபி என்று வருகிறது. ஏதாவது கெட்டுப்போகிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். எஸ்டிபி, எஸ்டிசி என்பவை லினக்ஸ் இயங்குதளம் டிஸ்க்குகளுக்குத் தானாக வைக்கும் பெயர்கள். ஆனால் இதைச் சும்மா விடவும் கூடாது. இதே குழப்பத்தில் நான் ஒருமுறை பேக்கப் டிஸ்க்கையே ஃபார்மேட் செய்ய இருந்தேன். திரையில் காட்டிய கொள்ளளவு புது டிஸ்க்கின் அளவோடு ஒத்துப்போகவில்லை. அதைக் கவனித்ததால்தான் தப்பித்தது.

லினக்ஸில் எஸ்டி என்பது ஸ்கஸி டிஸ்க் என்பதன் சுருக்கம். ஸ்கஸி என்பது டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை. சாட்டா, யுஎஸ்பி டிஸ்க்குகளும் இன்று அந்த வழியாகத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் வந்து சேர்கின்றன. கடைசி எழுத்து கண்டுபிடிக்கப்பட்ட வரிசையைக் குறிக்கிறது. முதலில் வந்தது ஏ, அடுத்தது பி, 26 எழுத்தும் தீர்ந்தால் ஏஏ. பூட் ஆகும்போது பல கண்ட்ரோலர்களும் போர்ட்டுகளும் ஒரே சமயத்தில் ஆராயப்படுகின்றன. ஒரு டிஸ்க் சுழன்று வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும், அதுவும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆகாது. ஒரு நொடி பிந்தினால் எழுத்து மாறிவிடும்.

ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையின் காலத்தில் இப்படி இல்லை. ஹெச்டிஏ என்றால் முதல் கேபிளின் மாஸ்டர், அதாவது முதன்மை டிஸ்க்; ஹெச்டிசி என்றால் இரண்டாம் கேபிளின் மாஸ்டர். எழுத்து இடத்தோடு கட்டப்பட்டிருந்தது. "ஒருமுறை வேலை செய்துவிட்டால் கேபிளைத் தொடாதே" என்ற அறிவுரை அந்தக் காலத்தில் நியாயமானது. இன்றும் அதைச் சொல்பவர்கள் காரணம் போய்விட்ட ஒரு சடங்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எழுத்து இடத்தோடு கட்டப்பட்டது என்ற ஊகத்தை நம்பி தரவை வைக்கக் கூடாது.

சரி, எழுத்தை நம்ப முடியாது. அப்படியானால் டிஸ்க்கை எப்படி அடையாளம் காண்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. பெயர் டிஸ்க்குக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பிரிவை) லினக்ஸின் கோப்பு முறைகளில் ஒன்றான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்கிறோம் என்று வையுங்கள். அதன் முதல் 1024 பைட்டுகளை எக்ஸ்ட்4 தொடாது, பூட் நிரலுக்காக விட்டுவைக்கும். அதற்கு அடுத்த 1024 பைட்டுகள்தான் சூப்பர்பிளாக், அதாவது கோப்பு முறையின் விவரக் குறிப்பு. அதன் 56ஆவது பைட்டில் எக்ஸ்ட் குடும்பத்தின் முத்திரை இருக்கும். 104ஆவது பைட்டிலிருந்து 16 பைட்டுகள்தான் யூயூஐடி, அதாவது வேறெதற்கும் இல்லாத தனி அடையாள எண். ஒரு பழைய பென்டிரைவை எக்ஸ்ட்4 ஆக்கி, பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணி 1128ஆவது பைட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டிஸ்க் விவரம் காட்டும் கருவி திரையில் காட்டிய அதே எண் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது. போர்ட்டை மாற்றினேன், வேறு கணினியில் செருகினேன். அந்த 16 பைட்டுகள் அசையவில்லை.

16 பைட் என்றால் 128 பிட். அதை 32 பதினறும (0 முதல் 9, ஏ முதல் எஃப்) இலக்கங்களாக, 8-4-4-4-12 என்று பிரித்து எழுதுவார்கள். மூன்றாவது தொகுதி 4 என்று தொடங்கினால் அது தற்செயலாக உருவாக்கப்பட்ட எண் என்று பொருள். வகையைச் சொல்ல 6 பிட் போக மீதி 122 பிட். அதில் கிடைக்கும் எண்களின் எண்ணிக்கை 5-க்குப் பின்னால் 36 இலக்கங்கள் வரும் அளவு. யாரையும் கேட்காமல், எந்தப் பதிவேட்டிலும் பார்க்காமல், உங்கள் கணினி தானாக ஒரு பெயரைச் சூட்டுகிறது. அது இன்னொருவருடைய டிஸ்க்கின் பெயரோடு மோதாது என்று தைரியமாக இருக்கலாம். இந்த எளிமையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

இதைப் படித்துத் தருவது யூடெவ் என்ற லினக்ஸ் கருவி. கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 2003இல் தொடங்கியது, 2012இல் லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைந்தது. டிஸ்க் தெரிந்ததும் யூடெவ் முத்திரையைப் பார்க்கும், யூயூஐடியைப் படிக்கும், அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (இன்னொரு பெயரைச் சுட்டும் இணைப்பு) போட்டு இன்றைய எழுத்தை நோக்கித் திருப்பிவிடும். எழுத்து மாறினால் சிம்லிங்க்கும் கூடவே திரும்பும். இப்படிக் கண்ணில் படாத அடித்தளக் கருவிகளைப் பராமரிப்பவர்களுக்கு இன்னும் தாராளமாக நிதி போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லா சர்வரும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

ஆகவே வாசகர் செய்ய வேண்டியது: எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி என்று இருக்கும் இடத்தில் யூயூஐடியை எழுதுங்கள். கூடவே, டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேருங்கள். இல்லையென்றால் ஒரு டேட்டா டிஸ்க் காணாமல் போன அன்று சர்வரே பாதி பூட்டில் நின்றுவிடும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ், எம்டி ரெய்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவை தங்கள் அடையாளத்தை ஒவ்வொரு டிஸ்க்கிலும் தாங்களே எழுதிவைத்துக்கொள்ளும்.

இரண்டு இடங்களில் யூயூஐடி நம்மைக் கைவிடும். மறுபடி ஃபார்மேட் செய்தால் புது எண் வந்துவிடும். டிஸ்க்கை பைட் பைட்டாக நகலெடுத்தால் இரண்டுக்கும் ஒரே எண். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறை அப்படிப்பட்ட இரட்டையரை ஒரே சமயத்தில் மவுன்ட் செய்ய (பயன்பாட்டுக்கு இணைக்க) மறுத்துவிடும்.

ஏனென்றால் யூயூஐடி சொல்வது தரவின் பெயரை. கையில் பிடிக்கும் டிஸ்க்குக்குத் தனிப் பெயர் உண்டு: சீரியல் எண், அப்புறம் 64 பிட் டபிள்யூடபிள்யூஎன் (உலகளாவிய தனிப் பெயர்). டபிள்யூடபிள்யூஎன் பெரும்பாலும் 5 என்று தொடங்கும். அடுத்த ஆறு இலக்கங்கள் ஐட்ரிபிள்இ என்ற தர நிர்ணய அமைப்பு தயாரிப்பாளருக்குக் கொடுத்த குறியீடு. யூடெவ் இவற்றையும் பை-ஐடி அடைவில் வைக்கிறது. சில யுஎஸ்பி பெட்டிகள் டிஸ்க்கின் சீரியலை மறைத்துத் தங்கள் எண்ணையே காட்டும், அதை மட்டும் கவனியுங்கள்.

ஒரு டிஸ்க் பழுதாகி அதைக் கழற்றப் போகும்போது உங்களுக்கு வேண்டியது இந்தச் சீரியல்தான். இன்றே சர்வரை அணைத்து, ஒவ்வொரு டிஸ்க்கின் லேபிளிலும் உள்ள சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு டேப்பில் எழுதி, வெளியே தெரிகிற பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.