எழுந்து நின்றுவிட்டான் என்பதற்காகக் கைதட்டாதீர்கள்

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் ஒரு பையன் மோதி விழுந்து கிடந்தால் அரங்கம் முழுவதும் அடங்கிவிடும். அவன் கையை ஊன்றி எழுந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டு அணி வீரர்களும் மட்டையால் களத்தைச் சுற்றியுள்ள பலகையைத் தட்டுவார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ஜூனியர் லீக் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் பல பருவங்களாக நின்றுகொண்டிருக்கும் இயன்முறை மருத்துவர் நான். அந்தக் கைதட்டல் கேட்கும்போதுதான் எனக்கு மூளையதிர்ச்சி பற்றிய கவலை தொடங்குகிறது. ஏனென்றால், எழுந்துவிட்ட பையனை அதற்குப் பிறகு யாரும் கவனிப்பதில்லை.

கடந்த பருவத்தின் நவம்பர் மாத ஆட்டம் ஒன்று. இரண்டாவது பீரியட், அதாவது ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் நடுப்பகுதி. எங்கள் தடுப்பாட்டக்காரன், 17 வயது, கோல் வலைக்குப் பின்னால் பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, எடுக்கப் போனான். எதிரணி ஆள் தோளால் மோதினான். விதிக்கு உட்பட்ட மோதல்தான்; நடுவர் விசில் ஊதவில்லை. எங்கள் பையன் இரண்டு விநாடியில் எழுந்தான், பக்கை அடித்து வெளியே தள்ளினான், நேராகப் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். பாட்டில் கையில் இருக்கும்போதே பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பித் தண்ணீர் கேட்டான்.

நான் அவன் முன்னால் குனிந்து வழக்கமான ஐந்து கேள்விகளைக் கேட்டேன். இன்று எந்த அரங்கில் ஆடுகிறோம், இது எத்தனையாவது பீரியட், கடைசி கோல் யார் போட்டது, போன வாரம் யாரோடு ஆடினோம், அதில் வென்றது யார். ஐந்துக்கும் சரியான பதில் வந்தது. நான்காவது கேள்வியை நான் முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. இந்தக் கேள்விகளுக்கான பதில்களை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு மனப்பாடம் செய்துகொள்ளும் பையன்கள் இருக்கிறார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் அளவுகோலுக்காக எடுக்கும் நினைவாற்றல் சோதனையில் வேண்டுமென்றே மந்தமாக விடை சொல்பவர்களும் உண்டு. அடிபட்ட பிறகு எடுக்கும் சோதனையில் மதிப்பெண் குறைந்தது தெரியாமல் இருப்பதற்காகத்தான்.

"ஹெல்மெட்டைக் கொடு" என்றேன். ஹெல்மெட் என் கையில் இருந்தால் அவன் பனித்தளத்தில் இறங்க முடியாது. விவாதம் செய்வதைவிட இது நல்ல வழி. அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்கு ஒன்றுமில்லை, தயவுசெய்து" என்றான். உள்ளே அழைத்துப்போய் அமைதியான அறையில் உட்காரவைத்து முறையான பரிசோதனை செய்தேன். இதற்குக் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும்; பெஞ்சில் வைத்துச் செய்கிற வேலை இல்லை. குதிகாலையும் விரலையும் ஒட்டிவைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொன்னேன். நான்காவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

கன்கஷன் என்று நாம் சொல்லும் மூளையதிர்ச்சி, மண்டையில் விழுகிற அடி மட்டுமே அல்ல. உடம்பில் விழும் மோதலில் தலை சட்டென்று திரும்பினாலும் உள்ளே மூளை முறுக்குண்டு இழுபடும். நரம்பணுக்களில் உப்புகளின் சமநிலை கலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு ஏராளமான ஆற்றல் தேவைப்படும் நேரத்தில் ஆற்றல் வரத்து குறைந்துபோகிறது. கண்ணுக்குத் தெரிகிற கிழிசலோ இரத்தக்கசிவோ இல்லாமலேயே இத்தனையும் நடக்கலாம். ஆகவேதான் ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. ஸ்கேன் எடுப்பது இரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்று உறுதிசெய்யத்தான். மயக்கம் போட்டு விழுந்தால்தான் கன்கஷன் என்பதும் தவறு. பெரும்பாலான கன்கஷன்களில் மயக்கமே வருவதில்லை. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்கூட வரலாம்.

ஹெல்மெட் போட்டிருந்தானே என்று கேட்பவர்கள் நிறைய. ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பாற்றுகிறது, அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். மண்டையோட்டுக்கு உள்ளே மூளை அசைவதை அதனால் நிறுத்த முடியாது.

பையன்கள் ஏன் மறைக்கிறார்கள் என்றால், அவர்கள் முரடர்கள் என்றோ அறியாதவர்கள் என்றோ பதில் சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பருவத்தின் நாட்காட்டியைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். ஜூனியர் ஹாக்கியில் பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையிலான பையன்கள் ஆடுகிறார்கள். கனடாவின் மேல்மட்ட ஜூனியர் லீகுகளில் ஒரு பருவத்துக்கு அறுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். அடுத்த மட்டத்தில் ஐம்பதை ஒட்டி. செப்டம்பரில் அணியில் இடம் பிடிக்க வேண்டும் என்பதால் வலியைச் சொல்லமாட்டான். அக்டோபரில் பல்கலைக்கழக அணிகளின் ஆள் தேர்வாளர்கள் மேல் வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஜனவரி முற்பகுதியில் வீரர்களை அணி மாற்றும் கெடு வருகிறது. காயப்பட்டவன் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டால், அடுத்த வாரம் எந்த ஊரில் இருப்போம் என்று அவனுக்கே தெரியாது. மார்ச்சில் பிளேஆஃப் எனும் கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள். அதில் உட்கார்ந்துவிட்டால் அணித்தோழர்களைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று நினைக்கிறான். உண்மையைச் சொல்ல வசதியான மாதம் என்று ஒன்று அந்த நாட்காட்டியில் கிடையாது. 'மணி அடித்தது போலாயிற்று, அவ்வளவுதான்' என்று உடைமாற்றும் அறையில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. காயத்துக்குச் செல்லப்பெயர் வைத்தால் அது சிறிதாகிவிடுமா?

தலையில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் இருக்கிறது. சிட்னி கிராஸ்பி 2010-11 பருவத்தில் 41 ஆட்டங்களில் 66 புள்ளிகள் (போட்ட கோல்களும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்து தேசிய ஹாக்கி லீகின் உச்சத்தில் இருந்தார். 2011 ஜனவரி 1 அன்று தலையில் அடிபட்டது. ஜனவரி 5 அன்று மறுபடியும் ஆடினார். அன்றும் பலகையோடு மோதப்பட்டார். அடுத்து அவர் களமிறங்கியது நவம்பர் 21. டிசம்பரிலேயே அறிகுறிகள் திரும்பி, 2012 மார்ச் வரை மீண்டும் வெளியே இருந்தார். உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவ வசதிகள் அவரைச் சுற்றி இருந்தும் இப்படி.

இன்னொரு பெயரை ஒன்டாரியோவில் குழந்தைகளை விளையாட அனுப்பும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரோவன் ஸ்ட்ரிங்கர், ஒட்டாவாவில் பள்ளி ரக்பி அணியின் தலைவி, வயது 17. 2013 மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அவளுக்குத் தலையில் அடிபட்டது. முதல் காயம் ஆறும் முன் விழுந்த அடியில் மூளை வீங்கி இறந்துபோனாள். தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்று அவள் இணையத்தில் தேடியிருந்தாள், தோழிகளிடம் செய்தியிலும் பேசியிருந்தாள். பெரியவர்கள் யாருக்கும் அது போய்ச் சேரவில்லை. அவள் பெயரில் 2018-இல் இங்கே ரோவன் சட்டம் வந்தது. அதன்படி, கன்கஷன் என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். மருத்துவரோ, கூடுதல் தகுதி பெற்ற செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனரோ அனுமதி தராமல் முழுப் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ திரும்பக் கூடாது. 26 வயதுக்குக் குறைந்த வீரர்களும், 18-க்குக் கீழ் உள்ளவர்களின் பெற்றோரும் ஆண்டுதோறும் விழிப்புணர்வுக் கையேட்டைப் படித்து உறுதிசெய்ய வேண்டும். பெரும்பாலோர் படிக்காமலே கையொப்பமிடுகிறார்கள் என்பதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். செப்டம்பர் மாதக் கடைசிப் புதன்கிழமை ரோவன் சட்ட நாள். பருவம் தொடங்குகிற அதே வாரங்களில்தான் வருகிறது. அன்றைக்காவது அந்தப் பக்கங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.

தோழிகளுக்குத் தெரிந்தது பெரியவர்களுக்குத் தெரியாமல் போகிறதே, அந்த இடைவெளிதான் என் வேலையின் பெரும்பகுதி. எல்லாவற்றையும் பெஞ்சிலிருந்து பிடித்துவிட முடியாது. கடந்த ஜனவரியில் ஒரு கன்கஷனை நான் தவறவிட்டேன். வெளியூர் ஆட்டம், மூன்றாவது பீரியட், கூட்டமாக மோதிக்கொண்டார்கள். அந்தப் பையன் விழவே இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் தூங்கினான், எல்லோரும் தூங்கினார்கள். மூன்று நாள் கழித்து அவனுடைய பில்லெட் அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஜூனியர் அணிகளில் தொலைவிலிருந்து வரும் பையன்கள் பருவம் முழுவதும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்குவார்கள். அதைப் பில்லெட் குடும்பம் என்பார்கள். "மூன்று நாளாகத் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு சாப்பிடுகிறான். நான் சமையலறை விளக்கைப் போட்டால் எழுந்து போய்விடுகிறான். எங்கள் நாயோடு தரையில் புரண்டு விளையாடுவான், இப்போது அது குரைத்தால் கதவைச் சாத்துகிறான். இதை உங்களிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை" என்றார்.

அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. வெளிச்சம் உறுத்துவதையும், சத்தம் தாங்காததையும், சுபாவம் மாறியதையும் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அன்று மாலையே அவனை மருத்துவரிடம் அனுப்பினோம். அவன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பில்லெட் அம்மாவோடு அதைவிடக் கூடுதல் நாட்கள் பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

நம் தமிழ் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் ரிங்க் எனும் பனித்தள அரங்குக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே வந்த பிறகே பனியைப் பார்த்த பெற்றோர்கள், விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்கேட் கயிற்றை இழுத்துக் கட்டிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறையும். அவர்களில் ஒரு தந்தை கேட்டார்: "அக்கா, ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு விடலாம்தானே?" ஒரு தாய் இரண்டு வாரமாக மகனைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லி அழுதார், கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அவனுக்குத் தலை வலித்திருக்கிறது. இருவர் மீதும் தவறில்லை. இதையெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"நன்றாக இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். ஆட்டம் முடிந்து காரில் வரும்போது, முதல் பீரியடில் என்ன நடந்தது, சொல்லு என்று கேளுங்கள். அவன் சொல்வதில் ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள். எதிரில் வரும் காரின் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்புகிறானா, வழக்கமாகப் போடும் பாட்டை நிறுத்தச் சொல்கிறானா, இரவு தூக்கம் எப்படி, காரணமில்லாமல் தங்கையிடம் எரிந்துவிழுகிறானா. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, கைகால் பலவீனம், எழுப்பினாலும் எழாத உறக்கம், கூடிக்கொண்டே போகும் குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைக்கும் பழைய வழக்கத்தை இப்போது கைவிட்டுவிட்டோம். முதல் 24 முதல் 48 மணி நேரம் உடலுக்கும், கைபேசி, டிவி போன்ற திரைகளுக்கும் ஓய்வு. அதன்பின் மெதுவான நடை. சும்மா கிடப்பதைவிட இது விரைவில் குணமாக்குகிறது. பிறகு படிப்படியாக: சைக்கிள் போன்ற இலேசான பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்தபின் முழுப் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்கு வாரங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு முழுமையாகத் திரும்பிய பிறகுதான் ஹாக்கி.

விதி மாறினால் காயம் குறையும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. உடலால் மோதித் தடுப்பதை 11, 12 வயதுக் குழந்தைகளின் ஆட்டத்தில் ஹாக்கி கனடா 2013-இல் தடைசெய்தபோது, ஆட்டத்தின் ஆண்மையே போய்விட்டது என்று கூச்சலிட்டார்கள். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, மறுஆண்டு வெளியான உலக நிபுணர்களின் ஒருமித்த அறிக்கை, சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் ஆடும் ஹாக்கியில் அத்தகைய தடை ஆட்டக் கன்கஷன்களை 58 சதவீதம் குறைத்தது என்கிறது. பற்காப்பு அணிந்தவர்களுக்கு 28 சதவீதம் குறைவு. பற்காப்பை வாய் ஓரத்தில் கடித்துத் தொங்கவிட்டு ஆடும் பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. இன்னும் சொல்வேன்.

தண்ணீர் கேட்ட அந்தப் பையன் தேற ஐந்து வாரம் ஆயிற்று. நான்காவது வாரம், வேறு யாரும் வராத காலை நேரத்தில் பனித்தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், பக் இல்லாமல். ஒவ்வொரு சுற்றிலும் என்னைக் கடக்கும்போது தலையில் கைவைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். ஏழாவது சுற்றில் காட்டவில்லை. நானாகக் கேட்கும் முன்பே பலகை அருகே வந்து நின்று, "கொஞ்சம் வலிக்கிறது" என்றான். மறுபடியும் ஒரு படி கீழே இறங்கினோம். ஹெல்மெட்டை அவனே கழற்றி என்னிடம் நீட்டினான்.