தீபகற்பம்: விளக்குமில்லை, வயிறுமில்லை

பெனின்சுலா என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் பாடப் புத்தகத்தில் இருப்பது தீபகற்பம். மூன்று பக்கம் நீர், ஒரு பக்கம் நிலம் என்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். எழுதச் சொன்னால்தான் பலருக்கும் கை தடுமாறி, 'தீபகர்ப்பம்' ஆகிவிடும். தீபமும் தெரியும், கர்ப்பமும் தெரியும், வேறென்ன செய்வது? ஆனால் இந்தச் சொல்லில் விளக்குமில்லை, வயிறுமில்லை.

லத்தீனில் பைனே என்றால் 'கிட்டத்தட்ட', இன்சுலா என்றால் 'தீவு'. இரண்டும் சேர்ந்து பெனின்சுலா. (சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இந்த இன்சுலாவின் பிள்ளைதான். கணையத்தில் திட்டுத் திட்டாக இருக்கும் செல்களிலிருந்து சுரப்பதால் வந்த பெயர்.) தீபகற்பத்தில் முன்பாதி த்வீபம், அதாவது தீவு. பின்பாதி கல்பம். சமஸ்கிருதத்தில் ஒரு சொல்லின் பின்னால் கல்பம் சேர்ந்தால் 'அது மாதிரி, ஆனால் முழுசாக அது இல்லை' என்று பொருள். 'சற்றே நிறைவு பெறாதது' என்கிறது பாணினியின் இலக்கணம். சரி, ல் எப்படி ற் ஆனது? சில்பம் சிற்பமானது, அல்பம் அற்பமானது, கல்பனை கற்பனையானது. அதே வழிதான். இதைத் தெரிந்துகொண்டால் 'கர்ப்பம்' என்று எழுதக் கை வராது.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் இந்த ஒரே பாடத்தை மூன்று மொழியில் கேட்கலாம். ஆந்திர எல்லையை ஒட்டிய தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு அது த்வீபகல்பம், ல் அப்படியே நிற்கிறது. வாணியம்பாடி, ஆம்பூரில் உருது வழியில் படிக்கிற பிள்ளைக்கு ஜசீரா நுமா. ஜசீரா தீவு, நுமா 'போலத் தோன்றுவது'. லத்தீன்காரரும் பாரசீகம் கலந்த உருதுக்காரரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஆனால் அரபியர் ஒரு படி மேலே போய், தங்கள் மண்ணை ஜசீரத்துல் அரப், அதாவது 'அரபியரின் தீவு' என்றே சொல்லிவிட்டார்கள். அல் ஜசீரா தொலைக்காட்சியின் பெயரிலும் அந்த ஜசீராதான். நம் ஊர் ஆட்கள் வேலைக்குப் போகிற சவுதி இருப்பது உலகத்திலேயே பெரிய தீபகற்பத்தில்.

சுற்றி இருக்கும் நீர் கடலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பும்போது தண்ணீருக்குள் ஒரு மேடு நீட்டிக்கொண்டிருந்தால், இலக்கணப்படி அதுவும் தீபகற்பம்தான். அளவுக்கும் வரையறை இல்லை. அப்புறம், ஆங்கிலத்தில் பெனின்சுலா பெயர்ச்சொல், பெனின்சுலார் பெயரடை. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, 'ம்' போனால் போதும்: தீபகற்ப இந்தியா. 1853இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ரயில் விட்ட கம்பெனியின் பெயரிலேயே பெனின்சுலா உண்டு. 1856இல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை வந்த ரயிலுக்கு அந்தப் பெயர் வாய்க்கவில்லை, அது மதராஸ் ரயில்வே.

தமிழிலேயே சொல்ல என்ன இருக்கிறது? குடாநாடு என்கிறார்கள் ஈழத்தில். யாழ்ப்பாணக் குடாநாடு என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் குடா என்றதும் நமக்கு வங்காள விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் நினைவுக்கு வருவதால், நிலத்தை விட்டு மனம் நீருக்குப் போய்விடுகிறது. மூவலந்தீவு கேட்க அழகுதான். என்ன பிரயோசனம், தீவு என்றே முடிகிறதே! முழுத் தீவு இல்லை என்பதுதானே விஷயம்? என் ஓட்டு தீவக்குறைக்கு. ஆற்றுக்கு நடுவில் இருக்கும் திட்டை ஆற்றிடைக்குறை என்கிறோம், அந்தக் குறைக்குத் துண்டு என்று பொருள். தீவக்குறையில் அதோடு 'குறைவு' என்ற பொருளும் தானாக ஒலிக்கிறது: தீவாக ஒரு பக்கம் குறைகிற நிலம். பாணினி சொன்ன 'நிறைவு பெறாதது' இதில் அப்படியே இருக்கிறது. தக்காணத் தீவக்குறை, கொரியத் தீவக்குறை என்று நாலு தரம் சொல்லிப் பாருங்கள், நாக்கு பழகிவிடும்.