பூஜ்ஜியம் என்று வந்தால் நம்பலாமா?

ஒரு மாவட்டத்திலிருந்து அறிக்கை வருகிறது: இந்த வருடம் போலியோ பூஜ்ஜியம். இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அங்கே உண்மையிலேயே போலியோ இல்லை, அல்லது அங்கே யாரும் தேடவே இல்லை. தாளில் பார்த்தால் இரண்டும் ஒரே பூஜ்ஜியம்தான். ஆனால் முதல் மாவட்டத்தை நிம்மதியாக விட்டுவிடலாம், இரண்டாவது மாவட்டத்துக்கு இன்றைக்கே ஆள் அனுப்பியாக வேண்டும். எது எந்த மாவட்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தரவை வைத்துச் சுகாதார முடிவுகள் எடுப்பது என்றதுமே பலருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களும் வண்ண வண்ண வரைபடங்களும்தான் நினைவுக்கு வரும். இப்போது செயற்கை நுண்ணறிவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. எனக்கென்னவோ, முக்கால்வாசி வேலை அதற்கெல்லாம் முன்பே முடிந்துவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது, யாரை எண்ணினார்கள், யார் விட்டுப்போனார்கள் என்று கேட்பதில்தான் விஷயமே இருக்கிறது.

போலியோ ஒழிப்பில் இருந்தவர்கள் இந்தப் பூஜ்ஜியச் சிக்கலை அவிழ்த்த விதம் அழகானது. போலியோவை மட்டும் தேடாதே என்றார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை கால் தளர்ந்துபோனால், காரணம் எதுவாக இருந்தாலும் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதினான்கு நாட்களுக்குள், 24 மணி நேர இடைவெளியாவது விட்டு இரண்டு முறை மல மாதிரி எடுத்து, குளிர்நிலை கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் சூட்சுமம் என்னவென்றால், போலியோ இல்லாத ஊரிலும் கில்லன் பாரே போன்ற வேறு நோய்களால் குழந்தைகளுக்குக் கை கால் தளர்வது உண்டு. ஒரு லட்சம் குழந்தைகளில் வருடத்துக்கு ஒருவராவது அப்படி இருப்பார் என்பது எதிர்பார்ப்பு.

இப்போது கணக்கு எளிது. பத்து லட்சம் குழந்தைகள் உள்ள மாவட்டத்திலிருந்து குறைந்தது பத்துப் பேரின் தகவல் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வந்து, எல்லா மாதிரியிலும் போலியோ இல்லை என்றால் அந்தப் பூஜ்ஜியத்தை நம்பலாம். மொத்தமே இரண்டுதான் வந்தது என்றால் அது பூஜ்ஜியமே இல்லை, வெறும் மௌனம். ஒரு நோய் இல்லை என்பதற்கான சாட்சி வேறு நோய்களிடமிருந்து வருகிறது! இப்படித் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் வழி எத்தனை சுகாதாரத் தரவுகளில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இதுவும் போதவில்லை என்பது வேறு கதை. போலியோ கிருமி தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வாதம் வரும், அதனால் ஒரு குழந்தைக்குக் கால் தளர்வதற்குள் கிருமி ஊர் முழுக்கச் சுற்றி வந்திருக்கும். ஆகவே சாக்கடையைச் சோதிக்கிறார்கள். 2013இல் இஸ்ரேலின் தென்பகுதியில் கழிவுநீரில் போலியோ கிருமி தென்பட்டது, ஆனால் வாதம் வந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. அங்கே போட்டுக்கொண்டிருந்த ஊசி மருந்து வாதத்தைத் தடுக்கும், ஆனால் குடலில் கிருமி பெருகிப் பிறருக்குப் பரவுவதை அவ்வளவாகத் தடுக்காது. நோயாளியே இல்லாத ஒரு நோய்க்காக, ஏற்கெனவே ஊசி போட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தும் கொடுக்க முடிவெடுத்தார்கள். மருத்துவமனைக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்த முடிவு வந்திருக்கவே வராது.

சரி, எண்ணிக்கை ஒழுங்காக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதைப் படிப்பதில் வழுக்கி விழ நிறைய இடம் உண்டு. ஆயிரம் பேர் உள்ள ஊரில் 900 பேர் தடுப்பூசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் 18 பேருக்கும் போடாதவர்களில் 10 பேருக்கும் நோய் வருகிறது. ‘நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டவர்கள்’ என்று ஒரு செய்தி பரவும், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் போட்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கும், போடாதவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும் வந்திருக்கிறது. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் ஊசி வீண், கீழே எதால் வகுக்கிறோம் என்று பார்த்தால் ஆபத்து ஐந்தில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. இதில் வயதையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் முதலில் ஊசி போடப்படுவது முதியவர்களுக்கு, அவர்களுக்கு எப்படியும் ஆபத்து அதிகம்.

அடுத்தது தாமதம். தொற்றுநோய் வரைபடங்களில் கடைசி வாரம் எப்போதும் இறங்கியே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு ‘குறைய ஆரம்பித்துவிட்டது’ என்று சொல்ல யாராவது ஒருவர் தயாராக இருப்பார். வாரா வாரம் சரியாக நூறு பேருக்கு நோய் வருகிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனால் அதே வாரத்தில் பதிவாவது 40, அடுத்த வாரத்துக்குள் 80, மூன்றாம் வாரத்தில்தான் நூறும் வந்து சேர்கிறது. இன்றைக்கு வரைபடத்தைத் திறந்தால் 100, 100, 80, 40 என்று இறங்கும். நோய் அசையவே இல்லை, காகிதம்தான் மெதுவாக நகர்கிறது! இதற்கு மருந்து, பழைய வாரங்களில் எத்தனை நாளில் எத்தனை சதவீதம் வந்து சேர்ந்தது என்று பார்த்து இந்த வாரத்தை அதற்கேற்ப ஏற்றிக் கணிப்பது. 40 என்பது வழக்கமாக ஐந்தில் இரண்டு பங்கு என்று தெரிந்தால், உண்மையில் நூறை ஒட்டி இருக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. அதிகமாகத் தேடினால் அதிகமாகக் கிடைக்கும். தென்கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை, ஆனால் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் கழுத்தையும் ஸ்கேன் செய்துவிடுவார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கு ஆகியிருந்தது. பயங்கரமான எண்தான். ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் அப்படியே அசையாமல் இருந்தது. அதாவது, பரவியது பெரும்பாலும் ஸ்கேன்தான். வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தந்திருக்காத சின்னக் கட்டிகளுக்காகப் பலர் தைராய்டையே எடுத்துக்கொண்டு, ஆயுளுக்கும் மாத்திரை விழுங்க வேண்டியதானது. 2014இல் மருத்துவர்கள் சிலர் இதை வெளிப்படையாகச் சொன்னதும் அறுவை சிகிச்சைகள் மளமளவென்று குறைந்தன. கண்டறிந்த எண்ணிக்கையையும் இறப்பு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது புலப்பட்டது.

தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்கிறேன் என்று கூகுள் 2008இல் ஆரம்பித்த திட்டத்தையும் சொல்லிவிடலாம். 2009இல் வந்த பன்றிக் காய்ச்சலின் முதல் அலையைத் தவறவிட்டது, 2012-13 குளிர்காலத்தில் மருத்துவர்களிடம் வந்தவர்களின் விகிதத்தைப்போல் இரு மடங்காகக் கணித்தது. காய்ச்சல் பற்றித் தேடுகிறவருக்கெல்லாம் காய்ச்சல் இல்லையே! செய்தியில் பயந்தும் தேடுவார்கள். 2015இல் அதன் கணிப்புகள் நின்றுபோயின.

இத்தனை ஓட்டை இருக்கிறதே, எல்லாத் தரவும் சரியாகும்வரை காத்திருக்கலாமா என்றால், அதுவும் ஒரு முடிவுதான், பெரும்பாலும் மோசமான முடிவு. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை பரவியபோது அங்கே வேலை செய்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் எல்லோருக்கும் போடும் அளவுக்குத் தடுப்பூசி இல்லை. அங்கிருந்த மிஷனரிகளிடம் ரேடியோ இருந்தது. அதில் ஒவ்வொரு ஊராக விசாரித்து, அம்மை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்து, அந்த இடங்களைச் சுற்றி மட்டும் ஊசி போட்டார்கள். எல்லோருக்கும் போடாமலேயே அங்கே நோய்ச் சங்கிலி அறுந்தது, பிறகு உலகம் முழுக்க அதுவே முக்கிய உத்தியானது. பிரமாதமான தரவு ஒன்றும் இல்லை அது. எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பது முன்பே தெரிந்த, அதற்குப் போதுமான தரவு.

இந்த ‘முன்பே தெரிந்த’ விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண் வந்த பிறகு உட்கார்ந்து பேசினால், அவரவருக்குப் பிடித்த முடிவுக்கு அந்த எண்ணை இழுத்துவிடுவார்கள். ஆகவே எல்லைக்கோட்டை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. ஆப்பிரிக்காவில் மூளையுறைக் காய்ச்சல் அடிக்கடி வரும் பகுதிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் அப்படித்தான் செய்திருக்கிறது. ஒரு லட்சம் பேருக்கு வாரத்தில் 3 பேர் என்றால் உஷார் நிலை, 10 பேர் என்றால் கொள்ளைநோய், தடுப்பூசி வேலை தொடங்க வேண்டும். முப்பதாயிரம் பேர்கூட இல்லாத இடத்தில் விகிதமே பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே தற்செயலாக ஒருவர் கூடினாலே விகிதம் எகிறிவிடும். அங்கே வாரத்துக்கு 2 பேர் உஷார், 5 பேர் கொள்ளைநோய், அவ்வளவுதான்.

கோட்டைக் கீழே இறக்கினால் வீண் எச்சரிக்கைகள் கூடும், மேலே ஏற்றினால் ஊசி வருவதற்குள் நோய் உச்சத்தைத் தொட்டு இறங்கியிருக்கும். இரண்டில் எந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதை எந்தத் தரவும் சொல்லாது, அதை மனிதர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். முதலில் 15 என்று இருந்த கொள்ளைநோய்க் கோட்டை 2014இல் 10க்கு இறக்கினார்கள், இன்னும் சீக்கிரமாகவே ஊசி போட்டுவிட வேண்டும் என்பதற்காக.