வைஃபை டிரைவரை ஏன் பூட்டி வைத்தார்கள்?

வைஃபை சிப்புக்கு, தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பொதுவாக 11 சேனல்களோடு நின்றுவிடும். ஐரோப்பாவில் 13 வரை போகலாம். ஜப்பானில் பழைய 802.11பி முறைக்கு மட்டும் 14ஆவதும் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சிப்தான். எந்த அலைவரிசையில், எவ்வளவு திறனில் ஒலிபரப்புவது என்பதை, டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) அந்தச் சிப்பின் ரெஜிஸ்டர்கள் எனும் சிறு நினைவிடங்களில் எழுதும் எண்கள் முடிவு செய்கின்றன.

2000களில் வைஃபை சிப் தயாரித்த ஏதெரோஸ் நிறுவனத்தின் கவலையும் இதுதான். லினக்ஸுக்கான மேட்வைஃபை டிரைவர் திறந்த நிரலாக இருந்தாலும், சிப்போடு நேரடியாகப் பேசும் 'ஹால்' அடுக்கு மட்டும் மூல நிரல் இல்லாமல், பைனரியாகவே வந்தது. யாராவது எண்களை மாற்றி, அனுமதியில்லாத அலைவரிசைக்குப் போனால், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தங்களைத்தான் பிடிக்கும் என்ற அச்சம். இன்டெல் 3945 அட்டைக்கோ, ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும் மூடிய நிரல் ஒன்று தனியாகத் தேவைப்பட்டது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றின் அருகே 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை வானிலை ராடார்கள் இயங்குகின்றன. தரையிறங்கும் விமானத்தைக் கவிழ்க்கக்கூடிய திடீர்க் காற்று மாற்றங்களைக் கண்டுபிடிப்பவை அவைதான். அதனால் ராடார்களோடு பகிரும் சேனல்களில் ரவுட்டர் முதலில் குறைந்தது 60 விநாடி காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். பிறகு எப்போது ராடார் துடிப்பு தென்பட்டாலும் அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். இந்தச் சோதனையை அணைத்துவிட்டால் ராடார் படத்தில் இல்லாத மழை கோடாக விழும்.

ஆனால் நிரலை மறைத்ததால் ராடாருக்குப் பாதுகாப்பு கிடைத்ததா? இல்லை என்பதே என் முடிவு. ஓபன்பிஎஸ்டி என்ற திறந்த நிரல் இயங்குதளத்தின் ரெய்க் ஃப்ளோட்டர் சிப்பின் நடத்தையை ஆராய்ந்தே ஹாலுக்கு மாற்று எழுதிவிட்டார். அதிலிருந்து வளர்ந்த ஏடிஎச்5கே டிரைவர் 2008இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் வந்தது. அதே ஆண்டு ஏதெரோஸே ஏடிஎச்9கே டிரைவரைத் திறந்த நிரலாகத் தந்தது, பழைய ஹாலின் மூல நிரலையும் வெளியிட்டது. பூட்டில் அடைபட்டது பிழைகளைத் திருத்த விரும்பியவர்கள்தான்.

இன்று வரம்புகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. நாட்டுவாரி விதிப்பட்டியல் டிஜிட்டல் கையொப்பத்துடன் வருகிறது. கர்னல் அதைச் சரிபார்த்தே ஏற்கிறது. ஏதெரோஸ் அட்டைகளில் ஈப்ரோம் எனும் நிலையான நினைவகத்தில் பதிந்த நாட்டுக் குறியீடும் சேர்ந்துகொள்ளும். பயனர் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் வரம்பு சுருங்கலாம், விரியாது.

2016இல், நாட்டுக் குறியீட்டை மாற்றித் திறனைக் கூட்ட வழிவிட்ட ரவுட்டர்களுக்காக டிபி-லிங்க் நிறுவனம் எஃப்சிசிக்கு 2 லட்சம் டாலர் கட்டியது. அதே உடன்பாட்டில், வெளியார் எழுதும் திறந்த ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள் மென்பொருளை) அனுமதிக்கும் பாதுகாப்பான வழிகளை ஆராயவும் ஒப்புக்கொண்டது.